நமக்கு முன்னால் அந்த போல்ட்டைத் திருகியவர்கள்

பழைய கார், பழைய லாரி என்று இறங்கியவர்கள் எல்லோரிடமும் மறக்க முடியாத மனிதர்களைப் பற்றிய கதைகள் இருக்கும். என் மனதில் அதிகம் நிற்பவர்கள் நான் நேரில் பார்க்காதவர்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியைப் பிரித்தால் உள்ளே எத்தனையோ மெக்கானிக்குகளின் கை தெரியும். ஒருவர் நிதானமானவர், ஒருவர் அவசரக்காரர், இன்னொருவர் சரியான சாமான் கிடைக்காமல் இருப்பதை வைத்து ஒப்பேற்றியவர். அவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்பதில் நான் ரொம்ப உறுதியாக இருக்கிறேன்.

நான் பிரித்துச் சீர்செய்யும் இரண்டு வண்டிகளில் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எம்.ஜி. டி.சி. என்ற பிரிட்டிஷ் கார், 1945 முதல் 1949 வரை வந்த மாடல், 1,250 சி.சி. இன்ஜின். இந்த இன்ஜினின் போல்ட்டுகள் புதிதாகப் பார்க்கிறவரைத் திணறடித்துவிடும். தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவில் இருக்கும், மரையோ மெட்ரிக். முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. போர் முடிந்ததும் அங்கே மோரிஸ் கார்களுக்கு இன்ஜின் செய்தார்கள், எம்.ஜி.யும் மோரிஸ் குடும்பத்துக் கார்தான். 1923இல் முதலாளி வில்லியம் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். இயந்திரங்கள் பிரெஞ்சு முறையில் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஊர் மெக்கானிக்குகள் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு போல்ட் பிறந்தது. அந்த வழக்கம் 1950களின் நடுப்பகுதி வரை எம்.ஜி. இன்ஜின்களில் தொடர்ந்தது.

விட்வொர்த் ஸ்பேனர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அதில் பொறித்திருக்கும் எண் போல்ட் தண்டின் விட்டம், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. கால் அங்குலம் என்று போட்டிருப்பதன் வாயை அளந்து பார்த்தால் அரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

சரி, அந்த இன்ஜினுக்கு வருகிறேன். முன்பக்க மூடியில் ஒரு போல்ட் மட்டும் முக்கால்வாசி வந்ததும் நின்றுவிட்டது. பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக அசைத்து எடுத்தேன். தண்டில் மரையின் மேல்முனைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மின்னிக்கொண்டிருந்தன. அது 5/16 அங்குல பி.எஸ்.எஃப்., அதாவது பிரிட்டிஷ் நுண்மரை போல்ட். துளையோ 8 மி.மீ. விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 7.94க்கும் 8க்கும் என்ன வித்தியாசம். ஆனால் பி.எஸ்.எஃப்.பில் அங்குலத்துக்கு 22 மரை, துளையில் மரைக்கு மரை 1 மி.மீ. அதனால் ஓரிரு சுற்று விரலாலேயே இனிமையாகப் போகும், அதன் பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை அவசரக்காரர் ஒருவர் ஸ்பேனரால் ஜெயித்திருக்கிறார்.

அதே மூடியில் இன்னொரு துளையைப் பார்த்து அசந்துபோனேன். எப்போதோ மரை போயிருக்கிறது. வேறொருவர் அதைப் பெரிதாக்கி, ஒரு புஷ், அதாவது சின்ன உலோகக் குழாய், கடைந்து இறக்கி, உள்ளே பழையபடி அதே 8 மி.மீ. மரையை வெட்டியிருக்கிறார். புஷ்ஷின் விளிம்பை மூடியின் மட்டத்துக்கு அரம் போட்டிருப்பது விரல் நகத்துக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வெளியே இருந்து யாருமே பார்க்கப் போகாத இடம் அது. அந்த மனிதரை எப்படியாவது பார்த்துப் பேச வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன்.

வயரிங்கில் வேறு மாதிரியான புதிர். இன்ஜினை வேகப்படுத்தினால் ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் போக வேண்டும். என் வண்டியில் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தது. ஆனால் பேட்டரி இறங்கவேயில்லை, நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்க வேண்டும். யாரோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவின் காந்தத் துருவத்தையும் முறையாக மாற்றியிருக்கிறார், ஆம்மீட்டர் வயரை மட்டும் மாற்றவில்லை. இக்னிஷன் காயிலிலும் இரண்டு வயர்களை இடம் மாற்றவில்லை. காயில் துருவம் தலைகீழாக இருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், குளிரில் கிளப்பும்போது சிரமம் தெரியும். நான் எல்லாவற்றையும் பழையபடி பாசிட்டிவ் எர்த்துக்கே கொண்டுவந்து, பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் பெயிண்டால் எழுதிவைத்தேன். புதிதாகப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியில் கை வைக்கும் முன் மீட்டர் வைத்து எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புத்தகத்தை நம்பாதீர்கள், நடுவில் யார் என்ன செய்தார் என்று புத்தகத்துக்குத் தெரியாது.

எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சார பெட்ரோல் பம்ப் மட்டும் யாரும் சீண்டாமல் அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று ஆரம்பித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானாக நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி, அல்லது கார்புரேட்டர் வழிகிறது. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் கருத்திருக்கும். எனக்கு இந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் லாரி. பெட்ஃபோர்டு ஓ வகை, 3,519 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கியர் பாக்ஸில் பல் சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாது. டபுள் கிளட்ச், அதாவது ஒரு கியருக்கு இரண்டு முறை கிளட்ச், போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், படித்திருந்தேன். ஆனாலும் பல்லோடு பல் உரசும் சத்தம் நின்றபாடில்லை. இதே வகை லாரியைப் பல வருஷம் ஓட்டிய பெரியவர் ஒருவர் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கிளட்ச்ச விட்டுட்டு இன்ஜின் சத்தத்தக் கேளுங்க. அது இறங்கி வர்ற வரைக்கும் கைய அசைக்காதீங்க."

"எவ்வளவு நேரம் ஐயா?"

"நேரமில்ல தம்பி, சத்தம். பாரம் இருந்தா ஒரு மாதிரி, மேடு ஏறினா ஒரு மாதிரி. எண்ணிக்கிட்டுப் போட்டா ஏமாத்திரும்."

கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டுக் காத்திருந்தேன். சத்தம் இறங்கி ஓர் இடத்தில் நிதானப்பட்டபோது மறுபடி மிதித்துத் தள்ளினேன். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. கீழ் கியருக்கு வரும்போது தலைகீழ்: நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, சத்தத்தை மேலே ஏற்றிப் போட வேண்டும். நியூட்ரலில் கிளட்சை விடுவது எதற்கென்றால், உள்ளே இருக்கும் லேஷாஃப்ட் என்ற துணைத் தண்டு இன்ஜினோடு சேர்ந்து சுற்றி, இரண்டு பல் சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வருவதற்காக. இதை நான் முன்பே படித்ததுதான், காதுக்கு வந்தது அன்றைக்கு.

லாரிச் சக்கரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வயது லாரிகளில் ரிம் பல பாகமாக வரும். டயரைப் பிடித்து வைப்பது ஒரு தனி வளையம். வளையம் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். தெறித்தால் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும், கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் வெளியே விட வேண்டும். "நாங்க எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்று கூண்டில்லாமல் ஆரம்பித்த ஒருவரிடமிருந்து நான் சக்கரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மனஸ்தாபம் வந்தது, பரவாயில்லை. பிரேக் டிரம்மும் அப்படித்தான். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஏர் கம்ப்ரசரால் ஊதவே கூடாது, ஈரத்தில் துடைத்து எடுக்க வேண்டும்.

கதவைத் தேய்க்கும்போது எனக்குக் கிடைத்ததுதான் இந்த லாரியின் பெரிய பரிசு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் போய் பச்சை வந்தது, பச்சைக்குக் கீழே அடர்சிவப்பு. சிவப்பின் மேல் மஞ்சளாக ஒரு வளைவு. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் அது ஓர் எழுத்தின் வால் என்று தெரிந்தது. தூரிகை அழுந்திய இடத்தில் பெயிண்ட் தடித்து, முடியும் இடத்தில் மயிர் பிரிந்து மூன்று கோடாகப் போயிருந்தது. ஸ்டென்சில் கிடையாது, கையெழுத்து. அதோடு தேய்ப்பதை நிறுத்தினேன்.

முழுக் கதவையும் பளபளவென்று புதிதாக அடித்துவிடச் சொல்லி நிறைய பேர் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. பழைய வண்டிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, 1966இல் தொடங்கியது, தன் டூரின் சாசனத்தில் இருப்பதைப் பாதுகாப்பதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறது. புதிதாக ஆக்குவது அதற்குப் பிறகுதான். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. துரு ஓட்டை போட்ட தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும், பிரேக்கைப் புதிதாக்கித்தான் ஆக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதில் பழமை பார்க்க முடியாது. ஆனால் அந்த எழுத்தை இன்னொருவர் மறுபடி எழுத முடியாது.

இப்போது ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சேஸிஸின் வலது பக்கம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் பட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கிறது. நடுவில் நீள்வட்டத் துளை. துளையின் மேல் விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, அப்படியானால் ஏதோ ஒன்று அங்கே ரொம்ப நாள் மாட்டி ஆடியிருக்கிறது. தொழிற்சாலைப் படங்களில் அது இல்லை. கியர் சொல்லிக்கொடுத்த பெரியவரும் குனிந்து பார்த்துவிட்டு, தான் ஓட்டிய எதிலும் பார்த்ததில்லை என்றார். சங்கிலி மாட்டவா, ஏதாவது பெட்டி தொங்கவிடவா? ஆனால் ரிவெட் தலைகள் அவ்வளவு ஒழுங்கு, அவசரக்காரர் செய்த வேலை இல்லை. சேஸிஸுக்குப் பெயிண்ட் அடிக்க எல்லாம் தயார், அந்தப் பட்டையைச் சுற்றி மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை யாராவது பார்த்திருந்தால் எதற்கென்று சொல்லுங்கள்.