தப்பு ஒரு பர்சென்ட் தான்னு சொல்றவங்களுக்கு

கரிசல் மைனா:
முந்தாநேத்து வேறொரு இழையில சாக்பீஸ் சார் எழுதினது இது: "ஏஐ டிடெக்டர் தப்பு பண்றது ஒரு பர்சென்ட் தான். மாட்டினவன்ல நூத்துக்கு 99 பேர் திருடன். மத்த அழுகையெல்லாம் நாடகம்." அதுக்கு அத்தனை பேர் கை தட்டியிருக்கீங்க. அந்த இழையை பூட்டிட்டாங்க, அதனால இங்க கேக்கறேன்.

சார், அந்த அழுகை கேஸ் நான்தான். காமர்ஸ்ல பார்ட் டைம் பி.எச்.டி. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கற பொம்பளைங்க எப்படி காசு சேக்கறாங்கன்னு 212 பேர் வீட்டு வாசல்ல உக்காந்து கேட்டு எழுதினது. தீசிஸை, மெஷின் எழுதினதான்னு பாக்கற அந்த டிடெக்டர்ல செக்கிங்குக்கு போட்டா ஏஐ 64 சதவீதம்னு வந்துச்சு. கைடு ரூம்ல பிரிண்ட் அவுட்டை மேஜை மேல என் பக்கமா தள்ளினாங்க, பக்கம் பக்கமா நீல கலர். முதல் நீலம் எங்க விழுந்திருக்கு தெரியுமா, நன்றியுரையில. எங்கம்மா பதினாலு வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கி என்னைய படிக்க வச்சதை நாலு வரி எழுதியிருந்தேன். அது மெஷின் எழுதினதாம். கைடு கேட்டது ஒரே கேள்வி, "எந்த சாஃப்ட்வேர்மா போட்டே?"

ஒரு பர்சென்ட்னு சொல்றீங்களே, யாருல ஒரு பர்சென்ட்?

சாக்பீஸ்:
எனக்கு 22 வருஷ சர்வீஸ்மா. போன செமஸ்டர் ஒரு செக்‌ஷன்ல 60 அசைன்மென்ட் வந்துச்சு, ஏழு பேர் "ஆஸ் ஆன் ஏஐ லாங்வேஜ் மாடல்"ங்கற வரியைக்கூட அழிக்காம ஸ்பைரல் பைண்டிங் போட்டு கொண்டு வந்து வச்சான். கூப்பிட்டு கேட்டா ஏழு பேரும் அம்மா சத்தியமா நானே எழுதினேன்னான். தினம் இதைப் பாக்கறவன் நான். இந்த டிடெக்டரை விக்கற டர்னிட்டின் கம்பெனியே டாகுமென்டுக்கு ஒரு பர்சென்டுக்கும் கம்மின்னு சொல்லியிருக்கான். உங்க அம்மா கதைக்கு மரியாதை குடுக்கறேன், ஆனா கதையை வச்சு கணக்கை மாத்த முடியாது. ஒரு பர்சென்ட் தான்.

லாஸ்ட் பெஞ்ச் லோகு:
சார் அந்த ஏழு பேரை புடிக்க டிடெக்டர் எதுக்கு, கண்ணு போதுமே

பேனா மூடி:
கம்பெனிக்காரன் தன் சரக்கை தானே குறை சொல்லுவானா? சாட்ஜிபிடி செஞ்ச ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரி கடைசில ஒரு டிடெக்டர் விட்டான். ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தை தான் புடிச்சுது, மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்தை ஏஐன்னு சொல்லுச்சு, ஜூலைல அவனே இழுத்து மூடிட்டான், துல்லியம் பத்தலைன்னு. மாவு அரைச்சவனுக்கே தெரியல இது யார் சுட்ட தோசைன்னு, உங்களுக்கு தெரிஞ்சிருச்சாக்கும். நான் கன்டென்ட் எழுதி பொழைக்கறவன் சார், 2016ல எழுதின என் பழைய கட்டுரையை போட்டுக் காமிச்சேன், 80ன்னு வந்துச்சு, கிளையன்ட் அப்பவும் பேமென்ட் தரல.

சாக்பீஸ்:
அது வேற கம்பெனி, பழைய கதை. நான் சொன்னது 9 இல்ல. ஒரு பர்சென்ட்.

கரிசல் மைனா:
சரி சார், ஒரு பர்சென்டே வச்சுக்குவோம், நான் காமர்ஸ்காரி, கணக்கு போடுவோம். ஆயிரம் பேர் பேப்பர் குடுக்கறாங்க. அதுல 50 பேர் நிஜமாவே ஏஐ போட்டவங்க, மெஷின் 45 பேரை புடிச்சுருதுன்னு வைங்க. மிச்சம் 950 பேர் சொந்தமா எழுதினவங்க, அதுல ஒரு பர்சென்ட்னா ஒன்பது பத்து பேர். மொத்தம் மாட்டினது 55 பேர், அதுல பத்து பேர் ஒண்ணுமே பண்ணாதவங்க. அஞ்சுல ஒருத்தர் கிட்ட வருது. நீங்க எழுதினது என்ன? மாட்டினவங்கல்ல நூத்துக்கு ஒருத்தர். இது ரெண்டும் ஒண்ணா சார்? நான் கேட்ட "யாருல"ங்கறது இதுதான்.

இதே கணக்கை அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில போட்டுப் பாத்திருக்காங்க. 2022ல அவங்க டர்னிட்டின்ல போட்ட பேப்பர் 75,000. ஒரு பர்சென்ட்னா 750 பேப்பர். வேண்டாம்னு 2023 ஆகஸ்ட்ல அந்த ஏஐ டிடெக்டரையே ஆஃப் பண்ணிட்டாங்க.

சாக்பீஸ்:
50 பேர் தான் ஏஐ போட்டவன்னு யார் சொன்னா? எங்க காலேஜ்ல 500 பேர் போடறான். அப்ப உங்க கணக்கு என்ன ஆகும்? 450 பேர் மாட்டுவான், அப்பாவி அஞ்சு பேர். நான் சொன்ன ஒரு பர்சென்ட் கரெக்டா வருதா இல்லையா. அமெரிக்காக்காரன் ஃபீஸ் கட்டற பசங்களுக்கு பயந்து ஆஃப் பண்ணுவான், இங்க அந்த கதை வேண்டாம்.

லாஸ்ட் பெஞ்ச் லோகு:
பாதி காலேஜ் திருடன்னு சொல்லித்தான் கணக்கே நேராகுது. இவர்தான் சார் அன்னிக்கு எங்களை ஆல் பாஸ் பேட்ச்னு சொன்னவர். 2020ல கொரோனா வந்ததுக்கு நாங்க என்ன சார் பண்ணுவோம்

சாக்பீஸ்:
ஆல் பாஸ் பேட்சை ஆல் பாஸ் பேட்ச்னு தான் சொல்லுவாங்க. வலிக்குதுன்னா அரியரை எழுதி க்ளியர் பண்ணு.

ஒடியல்கூழ்:
சேர், ஒரு விஷயம் சொல்லட்டோ. நான் லண்டனில மாஸ்டர்ஸ் செய்யிறன். எனக்கும் இதுதான் நடந்தது, கூப்பிட்டு வச்சு ஒரு மணித்தியாலம் விசாரிச்சவை. அதுக்குப் பிறகுதான் தேடி வாசிச்சனான். ஸ்டான்ஃபோர்டில 2023ல ஒரு ஆய்வு செய்தவை. ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத ஆக்கள் டோஃபல் எண்ட ஆங்கிலச் சோதினைக்கு எழுதின 91 கட்டுரை, ஏழு டிடெக்டர். சராசரியா 61 சதவீதத்துக்கு மேல ஏஐ எண்டு சொன்னது. 91இல 89 கட்டுரை ஒரு டிடெக்டரிலயாவது மாட்டினது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளையள் எழுதினதை அனேகமா எல்லாத்தையும் சரியாச் சொன்னது. இன்னும் இருக்கு, அந்த டோஃபல் கட்டுரையளை சாட்ஜிபிடியிட்ட குடுத்து சொல்லுகளை மெருகேத்தச் சொன்ன உடன, பிழையாப் பிடிக்கிறது 61இல இருந்து 11.6க்கு இறங்கிட்டுது. விளங்குதே? நாங்களே எழுதினா மெஷின், மெஷினிட்ட குடுத்து எழுதினா மனுசன்.

சாக்பீஸ்:
அந்த ஏழுல டர்னிட்டின் இருக்கா? இல்ல. படிச்சேன்னு சொல்றீங்க, அதைப் பாக்கலையா? வேற டிடெக்டரை வச்சு சண்டைக்கு வரக்கூடாது. ஒரு பர்சென்ட்டுன்னு நான் சொன்னது டர்னிட்டினை.

பேனா மூடி:
அப்போ டர்னிட்டின்காரன் சொன்ன மிச்சத்தையும் சொல்லுங்க சார். வாக்கியம் வாக்கியமா பாத்தா தப்பு 4 சதவீதம் வரும்னும் அவன்தான் சொன்னான். இதை மட்டும் வச்சு மாணவர் மேல நடவடிக்கை எடுக்காதீங்கன்னு ரிப்போர்ட்டுலயே போட்டிருக்கான். ஒரு பர்சென்டை மட்டும் கத்தரிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டீங்க.

கரிசல் மைனா:
நம்மள மாதிரி ஆளுங்க ஏன் மாட்டறோம்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும். அடுத்த வார்த்தை என்ன வரும்னு மெஷின் எவ்வளவு லேசா யூகிக்குதோ, அந்தளவுக்கு அது மெஷின் எழுதினதுன்னு முடிவு பண்ணுது, வாக்கியமெல்லாம் ஒரே நீளத்துல இருந்தா இன்னும் சந்தேகம். இந்த மாதிரி டிடெக்டர் பலதும் பாக்கறது அதைத்தான். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். எங்களுக்கு இங்கிலீஷ் கட்டுரைனா "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்"னு ஆரம்பிச்சு மனப்பாடம் பண்றது தான். பி.எச்.டி வந்தப்புறம் எங்க கைடே உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க, "தி பிரசென்ட் ஸ்டடி அட்டெம்ப்ட்ஸ் டு"ன்னு ஆரம்பி, "இட் இஸ் இன்ஃபெர்டு ஃப்ரம் தி அபவ் டேபிள்"னு முடி. 68 டேபிள் இருக்கு என் தீசிஸ்ல, ஒவ்வொண்ணுக்கும் கீழ அதே வரி. மாத்தி எழுதினா சிவப்பு பேனால அடிச்சு பழையபடி எழுத சொன்னவங்க, இன்னிக்கு அதே வரியில நீலம் விழுந்ததும் எந்த சாஃப்ட்வேர்ங்கறாங்க. அமெரிக்க அரசியல் சட்டத்தையே ஏஐ எழுதினதுன்னு டிடெக்டர் சொல்லுச்சே, அது 1787ல எழுதினது.

சாக்பீஸ் சார், ஒரே ஒரு விண்ணப்பம். உங்க பி.எச்.டி எந்த வருஷம்? சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதுக்கு முன்னாடின்னா உங்க மெத்தடாலஜி சாப்டரை ஒரு தடவை போட்டுப் பாருங்க. என்ன வந்தாலும் இங்க சொல்லுங்க.

சாக்பீஸ்:
2009. அன்னிக்கு லைப்ரரியில தூசி தட்டி எழுதினவன் நான், அதை எவன்கிட்டயும் போட்டு நிரூபிக்கணும்னு அவசியம் இல்ல. நீங்க முதல்ல உங்களோடதை நிரூபிங்க. கூகுள் டாக்ஸ்ல எழுதியிருந்தா வெர்ஷன் ஹிஸ்டரி இருக்குமே, எந்த நிமிஷம் எந்த வரி அடிச்சீங்கன்னு காமிக்கும். அதைக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

கரிசல் மைனா:
என்கிட்ட லேப்டாப் இல்ல சார். லாங் சைஸ் நோட்டுல கையால எழுதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சேன். அந்த அக்கா வேர்டுல அடிச்சு பென் டிரைவ்ல போட்டுக் குடுப்பாங்க. எந்த ஹிஸ்டரியை நான் காட்ட?

சாக்பீஸ்:
பாத்தீங்களா. இப்ப வருது விஷயம். டிடிபிக்காரன் ஏஐயில போட்டு சரி பண்ணியிருந்தா? அது உங்களுக்கே தெரியாம கூட நடந்திருக்கலாம்.

பேனா மூடி:
அந்தக்கா க்ராமர்லி போட்டிருப்பாங்க, அதுக்கும் டிடெக்டர் கத்தும்.

லாஸ்ட் பெஞ்ச் லோகு:
க்ராமர்லி ஏஐ இல்ல ப்ரோ. அது ஸ்பெல்லிங் பாக்கறது

பேனா மூடி:
வரியையே மாத்தி எழுதிக் குடுக்கும் தம்பி. நீ எந்த காலத்துல இருக்க.

லாஸ்ட் பெஞ்ச் லோகு:
எனக்கு ஃப்ரீ தான். கமா மட்டும் தான் போட்டுக் குடுத்துச்சு. நான் மூணு வருஷமா யூஸ் பண்றேன், எனக்கு சொல்லாதீங்க

பேனா மூடி:
மூணு வருஷமா யூஸ் பண்ணியும் கமா எங்க போடறதுன்னு தெரியலைன்னா அது க்ராமர்லி தப்பு இல்ல.

கரிசல் மைனா:
கமா சண்டையை வேற எங்கயாவது போடுங்கப்பா. அந்த அக்கா என் கையெழுத்துல இருக்கற தப்பைக்கூட அப்படியே அடிக்கறவங்க, மூணு தடவை ப்ரூஃப் திருத்தினேன். சார், நோட்டு இருக்கு, ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி இருக்கு, 2021 ஜூன்ல இருந்து. மூணாவது சாப்டரை 2022 ஆகஸ்ட்ல ஒரு செமினார்ல வாசிச்சேன், புத்தகமா அச்சடிச்சு வந்திருக்கு. சாட்ஜிபிடி வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி. அந்த சாப்டர்லயும் நீலம் விழுந்திருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

சாக்பீஸ்:
அச்சுல வந்ததை அப்படியே தீசிஸ்ல வச்சீங்களா? அப்ப அது செல்ஃப் ப்ளேஜியரிசம், சொந்த எழுத்தையே திருப்பி காப்பியடிக்கறது. பல்கலைக்கழக மானியக் குழு யுஜிசியோட 2018 ரூல்படி ஒத்துப் போற எழுத்து 10 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. ஒண்ணை நிரூபிக்க போய் இன்னொண்ணுல மாட்டறீங்க.

பேனா மூடி:
சார் அந்த 10 சதவீதம் அடுத்தவன் எழுத்தோட ஒத்துப் போறதுக்கு. அந்த ரூல் வந்தப்ப ஏஐ டிடெக்டர்னு ஒண்ணே காலேஜ் பக்கம் கிடையாது. 64ஐயும் 10ஐயும் ஒரே தராசுல வைக்கறீங்க. சில டிடெக்டர்ல அந்த நம்பர் எத்தனை வரி சந்தேகம்ங்கறது, சிலதுல ஏஐயா இருக்க எவ்வளவு வாய்ப்புங்கறது. அதையாவது பிரிச்சு பாத்தீங்களா?

சாக்பீஸ்:
நீங்க எனக்கு யுஜிசி ரூல் சொல்லித் தர்றீங்களா? கன்டென்ட் எழுதறவர்? 22 வருஷமா பேப்பர் திருத்தறேன், மூணு பாரா படிச்சா எனக்கு தெரியும் இவன் எழுதினதா இல்லையான்னு.

ஒடியல்கூழ்:
டெக்சாஸில ஒரு வாத்தியாரும் அப்பிடித்தான் நினைச்சவர். 2023 மேயில பிள்ளையளின்ர கட்டுரையளை சாட்ஜிபிடியிலயே ஒட்டி, நீதான் எழுதினியோ எண்டு அதையே கேட்டவர். அது ஓம் எண்டது. உடன கனபேருக்கு மார்க்ஸை நிப்பாட்டினவர். பிறகு சில பிள்ளையள் தாங்கள் எழுதின ஹிஸ்டரியைக் காட்டித்தான் தப்பினது.

சாக்பீஸ்:
ஒரு முட்டாள் வாத்தியாரை காட்டி எல்லா வாத்தியாரையும் திட்ட வேண்டாம். நான் அப்படி பண்ணேனா? சந்தேகம் வந்தா கூப்பிட்டு வைவா வச்சு கேப்பேன்.

கரிசல் மைனா:
அதைத்தான் சார் நானும் கேக்கறேன்! என்னைய கூப்பிட்டு கேளுங்கன்னு. 68 டேபிள்ல எந்த டேபிளை வேணா காட்டுங்க, அந்த நம்பர் எந்த தெருவுல இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். ஒரு கேள்வி கேக்கல. எழுதிக் குடுத்தது "ஏஐயை 10க்குள்ள குறைச்சுட்டு வா"ங்கறது. அம்மாவைப் பத்தி எழுதினதை நான் எப்படி சார் குறைக்க? தப்பு தப்பா இங்கிலீஷ் எழுதினா நம்பர் குறையும்னு ஒரு சீனியர் சொல்லிக் குடுத்தாங்க. மூணு வருஷம் தப்பில்லாம எழுத கத்துக்கிட்டு, இப்ப தப்பா எழுத உக்காரணுமா?

நாளைக்கு 11 மணிக்கு கமிட்டி. மூணு நோட்டு, 212 படிவம், எல்லாத்தையும் கட்டி பஸ்ல ஏத்திட்டு போறேன். நாப்பது படிவத்துக்கு மேல கைநாட்டு தான், மருந்து ஒட்டின விரல் ரேகை. எடுத்து அவங்க மேஜை மேல வைப்பேன்.

சாக்பீஸ்:
கொண்டு போங்க, நல்லது. ஆனா படிவம் டேட்டாவுக்கு தான் சாட்சி, எழுத்துக்கு இல்ல. ஒரு பர்சென்டுங்கறதை இதுவரைக்கும் இங்க யாரும் மறுக்கல.

கரிசல் மைனா:
மறுக்கறேன்னு நான் சொல்லவே இல்லையே சார். யாருல ஒரு பர்சென்ட்னு முதல் வரியில இருந்து கேட்டுட்டு இருக்கேன்.