மிச்சம் பிடித்த தண்ணீர் யாருக்குப் போகிறது?

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டுகிறவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையது இது.

மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு அடி நீளத்தில் பிவிசி குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. துளைப் பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் புதைத்து, உள்ளே ஏறிய சேற்றை அள்ளிவிட வேண்டும். மேல்மண் லேசாக வெடித்ததுமே கை மோட்டார் சுவிட்சுக்குப் போகும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் நாலு விரல்கடை கீழேதான் நிற்கும்! மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கும் வரை தாராளமாகப் பொறுக்கலாம். பிறகு 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும். நட்ட புதிதில் காயவிட்டால் களை ஏறிவிடும். பூக்கும் பருவத்தில் இந்த விளையாட்டே வேண்டாம், தண்ணீர் நின்றே ஆக வேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம் என்கிறார்கள், மண்ணைப் பொறுத்து மாறும். மண்ணுக்குள் காற்று போவதால் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறைகிறது.

—

எங்க பக்கம் கதை வேற. பலரும் சொட்டுநீர் போட்டாங்க, தண்ணீர் மிச்சமாச்சு. அதை வைத்துத் தரிசையும் திருத்திப் பயிர் வைத்தாங்க. கடைசியில் கிணறு இறங்கினதுதான் மிச்சம். வாய்க்காலில் கசிந்து வீணாகுதுன்னு சொன்னோமே, அந்தக் கசிவுதான் பள்ளத்தில் இருக்கிறவங்க கிணற்றுக்கு ஊற்று. அது நின்றதும் ஓடைக்கரைக் கோரை காய்ந்தது, மீன் பிடிக்கிறவங்களுக்கும் பிழைப்பு போச்சு. கருவிக்கு மானியம் கொடுக்கிறவங்க இதைக் கணக்கில் எடுக்கிறதே இல்லை.

—

நீங்கள் சொல்வது சரி. பயிர் குடித்து ஆவியாக விடும் தண்ணீர்தான் உண்மையான செலவு. கசிவில் பெரும்பகுதி எங்கோ ஒருவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் கசிவு உப்புநீரிலோ கடலிலோ கலக்கிற இடத்தில் சொட்டுநீர் நிஜமான லாபம். அதனால் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். சாகுபடிப் பரப்புக்கு வரம்பு போடாததுதான் கோளாறு.

எங்கள் வாய்க்காலில் இரண்டு விஷயம் பேசி வைத்திருக்கிறோம். பரப்பைக் கூட்டக்கூடாது, நம் முறையில் வந்து மிச்சமாகும் தண்ணீர் வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு. வயலைக் காயவிடும்போது தலைப்பிரட்டையும் மீன்குஞ்சும் செத்துவிடும் என்பதால் மூலையில் ஒரு குழி வெட்டி அதில் மட்டும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறோம். தலைமடைக்காரர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் பெரும்பாடு, இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை. உங்கள் பக்கம் பரப்புக்கு வரம்பு வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? யார் கண்காணிக்கிறார்கள்?