பெட்டி வராத பால்டிக் பயணம்

லிதுவேனியாவின் வில்னியஸ், லாட்வியாவின் ரீகா, எஸ்டோனியாவின் தாலின் என்று பால்டிக் கடலோர நாடுகளின் தலைநகரங்கள் மூன்றையும் தெற்கிலிருந்து வடக்காகப் பேருந்திலேயே பார்த்துவிட்டு வந்தோம், நானும் மனைவியும். மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், மூன்றிலும் யூரோதான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நாலு, நாலரை மணி நேரம்.

ஆரம்பமே சிக்கல். வில்னியஸில் இறங்கினால் பெட்டி வரவில்லை. நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. கவுன்டரில் புகாரைப் பதிவு செய்து ஒரு எண் கொடுத்தார்கள். அந்தச் சீட்டையும், பிறகு வாங்கிய துணிமணி, பற்பசை ரசீதுகளையும் தூக்கிப்போடாதீர்கள். இழப்பீடு கேட்க அவைதான் ஆதாரம். மருந்து மாத்திரை கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.

பசியோடு பழைய நகருக்குள் போய் முதலில் சாப்பிட்டது பீட்ரூட் குளிர் சூப். கேஃபிர் என்னும் புளித்த பாலில் பீட்ரூட், வெள்ளரி, சதகுப்பைத் தழை, வேகவைத்த முட்டை எல்லாம் கலந்து பளிச்சென்ற ரோஜா நிறத்தில் வரும். கிண்ணம் சில்லென்று இருக்கும்; பக்கத்துத் தட்டில் ஆவி பறக்க உருளைக்கிழங்கு. அதில் ஒரு வாய், இதில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். மனைவி இறைச்சி தொடமாட்டாள், முட்டை சாப்பிடுவாள். அவளுக்கு இதுவே தினமும் மதியச் சாப்பாடு ஆகிவிட்டது. நான் செப்பெலினை சாப்பிட்டேன்: ஆகாயக் கப்பல் வடிவத்தில் உருளைக்கிழங்கு மாவுக் கொழுக்கட்டை, உள்ளே இறைச்சி, மேலே புளித்த க்ரீம். இரண்டு வைத்தார்கள், ஒன்றரைக்கு மேல் முடியவில்லை.

ரீகா போகும் வழியில் பானவேஜிஸ் என்ற ஊரைத் தாண்டிப் பேருந்து நின்றுவிட்டது. என்ஜினில் புகை. மாற்றுப் பேருந்து வரும்வரை எல்லோரும் சாலையோரப் புல்லில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பாட்டி பையைத் திறந்து, ரை என்னும் தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியைக் கத்தியால் நறுக்கி, புகையிட்ட பாலாடைக்கட்டி வைத்து, கேட்காமலேயே எங்கள் கையில் கொடுத்தார். கூட வந்த பேத்தி ஆங்கிலத்தில் சொல்லித்தான் பேச்சு நடந்தது. இதே சாலையில் கொஞ்சம் வடக்கே, லாட்வியாவின் பவுஸ்கா ஊர்ப் பக்கத்தில், 1989 ஆகஸ்ட் 23 மாலை 7 மணிக்குப் பாட்டி தன் கணவரோடு கைகோத்து நின்றாராம். வில்னியஸிலிருந்து தாலின் வரை 600 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 20 லட்சம் பேர் விடுதலை கேட்டு நின்ற மனிதச் சங்கிலி அது. மூன்று நாடுகளையும் சோவியத் பிடிக்குள் தள்ளிய, ஜெர்மனியும் சோவியத்தும் 1939-ல் போட்ட ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நாள். அதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நின்ற கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றதுதான் மனதில் நிற்கிறது. அந்த வண்டி ஓடியிருந்தால் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

ரீகாவில் பேருந்து நிலையத்தை ஒட்டியே மத்தியச் சந்தை. முதல் உலகப்போர் காலத்து ஜெர்மன் ஆகாயக் கப்பல் கொட்டகைகளின் பாகங்களைக் கொண்டு கட்டிய ஐந்து பெரிய கூடங்கள், 1930-ல் திறந்தவை. மீன் கூடத்தில் புகையிட்ட மீன் வாசனை தூக்கும். கறுப்பு ரொட்டித் தூள், க்ரீம், பழக்கூழ் அடுக்கிய இனிப்பு ஒன்று உண்டு, அதை விடவே விடாதீர்கள். பெட்டியும் ஒருவழியாக இங்கேதான் விடுதிக்கு வந்து சேர்ந்தது.

தாலினில் ஒரே மழை. தூம்பேயா குன்றிலிருந்து சிவப்புக் கூரைகளை அரைகுறையாகத்தான் பார்த்தோம். நகர மன்றச் சதுக்கத்தில் விலை அதிகம். நாங்கள் ரயில் நிலையச் சந்தைக்கே போனோம். ரை ரொட்டிமேல் சின்ன மீனும் முட்டையும் வைத்துத் தருவது அருமை. அப்புறம் காமா: வறுத்த பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி அரைத்த மாவை மோரில் கலக்கிக் குடிப்பது. நம் சத்துமாவுக் கூழ் குடித்துப் பழகிய வயிற்றுக்கு அந்நியமே இல்லை. இரண்டு பாக்கெட் வாங்கி வந்தோம்.

நேரம் இருப்பவர்கள் ஊர் திரும்பும் டிக்கெட்டை ஹெல்சின்கியிலிருந்து போடலாம். தாலினிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான்.