இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் பழைய பஞ்சு மில் பார்த்தவங்க எழுதுங்க: மனசுல நிக்குற ஒரு விஷயம் மட்டும்

தார்க்குச்சி:
பர்ன்லி, குவீன் ஸ்ட்ரீட் மில். ஊர்க் கதை எல்லாருக்கும் தெரியும், நேரா தறி ஷெட்டுக்குப் போயிடறேன். ‘பீஸ்’னு (Peace, அமைதி) பேர் வெச்ச 500 குதிரைத்திறன் நீராவி எஞ்சின், மேல ஷாஃப்ட்னு சுத்துற இரும்புத் தண்டு, ஷாஃப்ட்லருந்து ஒவ்வொரு லங்காஷயர் தறிக்கும் தோல் பெல்ட். பெல்ட்டை ஓட்டப் புல்லியிலருந்து சும்மா சுத்துற புல்லிக்குத் தள்ளினா தறி நிக்கும், அவ்வளவுதான் சுவிட்ச்.

காட்டுறவர் தறியை நிறுத்திட்டு, குறுக்கு நூலைக் கொண்டு போற நாடாவைக் கையில் எடுத்தார். நாடாவுக்குள்ள நூல் சுத்தின குச்சிதான் தார், அது தீர்ந்ததும் புதுத் தார் போடணும். அதோட நூல் நுனி, நாடாவோட பக்கத்துல இருக்குற பீங்கான் கண் வழியா வெளிய வரணும். உள்ளேருந்து தள்ளினா பஞ்சு நூல் மடங்கிக்கும், வராது. அதனால கண்ணுல உதட்டை வெச்சு ஒரே உறிஞ்சு. நுனி வாய்க்குள்ள வந்துடும், கூடவே பஞ்சுத்தூசியும் கஞ்சிமாவும் நூல்ல இருக்குற எண்ணெயும். ஒரு தார் சில நிமிஷம்தான் தாங்கும். ஒருத்தருக்கு நாலு தறி. நாள் முழுக்க எத்தனை தடவைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அந்தத் தறியாளுக்கு உடம்பு சரியில்லைன்னா பக்கத்துத் தறி ஆள் வந்து அதே நாடாவுல அதே கண்ணுல வாய் வைப்பாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1911லயே தடை பண்ணிட்டாங்க. இந்த மில் ஊர்கள் இருக்குற லங்காஷயர்ல 1952 வரைக்கும் இழுத்துச்சு. கையால கோக்குற நாடா அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தும்!

வடக்குஜன்னல்:
நல்ல பதிவு. ஆனால் பர்ன்லியை மான்செஸ்டர் என்று எழுதாதீர்கள். நகருக்குள் தறி தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மான்செஸ்டர் பெரும்பாலும் கிடங்கும் வியாபாரமும்தான். நூற்பு லங்காஷயரின் தெற்குப் பகுதியில் ஓல்டம், போல்ட்டன் பக்கம்; நெசவு அதன் வடக்குப் பகுதியில் பர்ன்லி, பிளாக்பர்ன், நெல்சன் பக்கம். கட்டடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நூற்பாலை ஐந்தாறு மாடி நிற்கும். தறி ஷெட் பெரும்பாலும் ஒரே தளம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடித்தால் மாடி தாங்காது. கூரை ரம்பப் பல் மாதிரி, கண்ணாடிப் பக்கம் மட்டும் வடக்கே பார்த்திருக்கும். நேர் வெயில் விழாமல் ஒரே சீரான வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவிழை அறுந்தால் கண்ணில் படாது.

நகருக்குள் பார்க்க வேண்டியது ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய பருத்திச் சந்தை. இப்போது நாடக அரங்கம். தலையை நிமிர்த்தினால் உயரத்தில் விலைப்பலகை. 1968இல் பருத்தி வியாபாரம் நின்ற கடைசி நாளின் விலைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கீழே காபி குடிக்கிற ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோவைக்கதிர்:
ஸ்டைல் ஊர்ல குவாரி பேங்க் மில், 1784ல ஆரம்பிச்சதுங்க. ரிங் ஃபிரேம்ங்கற இப்பத்த நூற்பு மெஷின் மட்டும் தெரிஞ்ச நம்ம கோயமுத்தூர்க்காரங்க, மியூல்ங்கற பழைய நூற்பு மெஷினை ஓட விட்டுப் பாக்கோணும். ரிங்ல முறுக்கறதும் சுத்தறதும் ஒரே சமயத்துல நடக்கும். மியூல்ல தனித்தனி. நூலை முறுக்கிச் சுத்தற கதிர் எல்லாம் ஒரு வண்டியில இருக்கும். வண்டி வெளிய வரும், அஞ்சடி வாக்கில. வரும்போதே ரோலர் ரோவிங்கை, அதாவது லேசா முறுக்குன பஞ்சுத் திரியை, விடும், கதிர் முறுக்கும். வண்டி நிக்கும். கதிர் கொஞ்சம் திருப்பிச் சுத்தி நுனியில இருக்குற சுத்தைக் கழட்டும். மேல ஒரு கம்பி இறங்கி நூலை அமுக்கும். அப்புறம் வண்டி உள்ள போகும்போது நூல் கதிர்ல சேர்ற காப்ங்கற நூல் உருண்டை மேல சுத்திக்கும். அந்தக் கம்பி சரியான நேரத்துல இறங்கலைன்னா நூல் தொய்ஞ்சு, முறுக்கு ஏறி, சுருண்டு முடிச்சாயிடும்.

அறுந்த நூலை வண்டி ஓடும்போதேதான் பிணைக்கோணும், நிறுத்த மாட்டாங்க. அப்படிப் பிணைக்கற பீஸர் பசங்க வெறுங்கால்ல, எண்ணெய் ஊறின பலகையில வண்டி கூடவே முன்னயும் பின்னயும் நடந்திருக்காங்க. அவங்களை விடச் சின்னக் குழந்தைங்க வண்டிக்கு அடியில பூந்து பஞ்சு கூட்டிட்டு, வண்டி திரும்பறதுக்குள்ள வெளிய வரோணும். வண்டி முழுசா உள்ள போயி நின்னப்ப ரோலர் பீமுக்கும் அதுக்கும் நடுவுல இருந்த இடைவெளியப் பாத்தங்க. அதுலயேதான் மனசு நிக்குது.

பயணச்சீட்டு:
மியூல் எனக்கும் பிடித்தது. போகிறவர்களுக்குச் சில குறிப்பு, யாரும் கேட்கவில்லை என்றாலும்.

குவீன் ஸ்ட்ரீட் மில் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. எஞ்சினுக்கு நீராவி ஏற்றும் நாட்கள் இன்னும் குறைவு, நாள் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். மான்செஸ்டர் விக்டோரியாவிலிருந்து பர்ன்லி மான்செஸ்டர் ரோடு ஸ்டேஷன், அங்கிருந்து ஹார்ல் சைக் பக்கம் போகிற பஸ். குவாரி பேங்க் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அதைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினருக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. ஸ்டைல் ஸ்டேஷனில் ரயில் குறைவாகத்தான் நிற்கும், வில்ம்ஸ்லோவில் இறங்குவது உசிதம்.

கருப்பு ஸ்வெட்டர் வேண்டாம், வெளியே வரும்போது வெள்ளையாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் தறி ஓடும்போது கதவுப் பக்கமே நில்லுங்கள். குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம். காட்டுவதற்கு ஓட்டுவது சில தறிகள்தான், அதற்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தக் காலத்தில் உதட்டசைவை வைத்தே பேசிக்கொண்டார்கள். மான்செஸ்டர் நகருக்குள் பழைய மில் பகுதியான ஆன்கோட்ஸ் போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். பழைய மில்கள் பல இப்போது வீடுகள். உள்ளே விட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், சைவம் என்றால் சாண்ட்விச்தான் கதி.

ஸ்டேப்பிள்:
வடக்குஜன்னல் சார், நகருக்குள்ள விலைப்பலகை மட்டும்தானா? லிங்கன் ஸ்கொயர்ல லிங்கன் சிலை பீடத்தைப் படிக்காம வந்தா எப்படி? உள்நாட்டுப் போர்ல அமெரிக்கப் பஞ்சு வராம மில் மூடிக் கிடந்த நேரத்துல, அடிமை முறைக்கு எதிரா நின்ன மான்செஸ்டர் தொழிலாளர்களுக்கு லிங்கன் 19 ஜனவரி 1863ல எழுதின கடிதத்தோட ஒரு பகுதி அதுல இருக்கு.

பீடத்துல இல்லாதது சூரத் பஞ்சு. அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலா நம்ம நாட்டுப் பஞ்சு போச்சு. அமெரிக்க இழை நீளம் ஒரு அங்குலத்தை ஒட்டி. சூரத் முக்கால், பல சமயம் அதுக்கும் கீழ. பஞ்சுத் திரியை ரோலர்கள் இழுத்து மெலிசாக்குற டிராஃப்டிங்ல முன் ரோலருக்கும் பின் ரோலருக்கும் உள்ள தூரம் இழை நீளத்தை விடக் கொஞ்சம்தான் அதிகமா இருக்கணும். ஒரு அங்குல இழைக்கு வெச்ச தூரத்துல முக்கால் அங்குல இழையை விட்டா, பின் ரோலர் விட்டதுக்கும் முன் ரோலர் பிடிக்கிறதுக்கும் நடுவுல இழை பிடி இல்லாம மிதக்கும். மிதக்குற இழை கொத்தாப் போகும். நூல்ல ஒரு இடம் தடி, அடுத்த இடம் மெலிசு; மெலிசுல அறுவு. இந்தத் தூரத்தை, அதாவது செட்டிங்கை, மாத்தாத மில்லுல குத்தம் பஞ்சு மேலயே விழுந்துச்சு.

வடக்குஜன்னல்:
சிலையை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வைத்து லங்காஷயர் முழுக்க லிங்கன் பக்கம் நின்றது என்று சொல்ல முடியாது. தெற்கு மாநிலங்களுக்குப் பரிந்து பேசிய மில் ஊர்களும் இருந்தன.

கோவைக்கதிர்:
ஸ்டேப்பிள், செட்டிங் மாத்துனாப் போதும்கிறது பாதிதானுங்க. அந்த மூட்டையில மண்ணு, இலைத்தூள், வெதத் துண்டு எல்லாம் இருந்துச்சு. பஞ்சைப் பிரிக்கற ஓப்பனர்லயும் சிக்கெடுக்கற கார்டிங்லயும் வேஸ்ட் ஏறும், அதே நெம்பர் (பருமன்) நூலுக்குப் பஞ்சு அதிகம் வேணும். இழை குட்டைங்கறதால முறுக்கும் கூடப் போடோணும். முறுக்கு கூடினா முன் ரோலர் வேகத்தைக் குறைக்கோணும், உற்பத்தி எறங்கும். தறிக்காரருக்கோ பீஸ் ரேட், அதாவது நெய்த அளவுக்குத்தான் கூலி. பாவு அறுந்து தறி நிக்குற ஒவ்வொரு நிமிஷமும் அவர் கூலியிலதான் போகும். அதனாலதானுங்க நூத்தவரை விட நெய்தவருதான் சூரத்தை அதிகமாத் திட்டுனாரு.