பைபாஸுக்குப் பிறகு கையில் தரும் வலி பட்டன்: உங்கள் அனுபவம்?

காத்தான்குடியிலிருந்து:
வாப்பாவுக்குக் கொழும்பில் பைபாஸ். ஐசியூவில் கையில் ஒரு பட்டன் தருவார்களே, அமத்தினால் மோர்பின் என்ற வலி மருந்து ஏறுமே, அதுதான். பழகிப் போய்விடும் என்று பயந்து வாப்பா அதைத் தொடவே இல்லை. பிசியோ மிஸ் தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னார்; பாதி இருமலிலேயே முகம் கறுத்துவிட்டது. பிறகு கண் செருகிக் கிடந்தவர் முனகினார். பக்கத்தில் நின்ற மாமி பாவம் பார்த்து ஒருக்கா அமத்தினார். நர்ஸ் மிஸ் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டுச் சிங்களத்தில் கத்தினாரே பாருங்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி அழுதுகொண்டே வெளியே போனார். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆரையம்பதியிலிருந்து:
தங்கச்சி, கத்தியது சரியில்லை, தட்டியது சரி. நோயாளி தானே அமத்துவதுதான் அந்த மெசினுக்குக் காவல். மோர்பின் கூடினால் முதலில் தூக்கம் அமுக்கும், பிறகுதான் மூச்சு குறையும். தூங்குகிறவர் அமத்த மாட்டார், மருந்தும் ஏறாது. பக்கத்தில் நிற்பவர் அமத்தினால் அந்தக் காவல் போச்சு. வாப்பா அமத்தாததுதான் பிழை. வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி கட்டி நிமோனியா வரும். பிசியோ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அமத்த வேண்டும். சில நாள் மோர்பினில் அடிமையாவது மிக அரிது. மலச்சிக்கல்தான் வரும், அதற்கு மருந்து கேட்டு வாங்குங்கள். எனக்கு நெஞ்சுக் காயத்தை விட, நெஞ்சுக்குள் தேங்கும் இரத்தம் வடிய வைத்த ட்ரெயின் குழாயை உருவினபோதுதான் உயிர் போனது. அமத்திவிட்டுத்தான் உருவ விட்டேன், அப்படியும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணன், 'வாப்பா பிழை' என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒப்பரேஷனுக்கு முதலே யாராவது தமிழில் விளங்கப்படுத்தினார்களா? எங்கள் பெரியப்பாவுக்கு இல்லை. அவர் மறுபக்கம்: விடிய விடிய அமத்தினார். ஒருதரம் 1 மில்லிகிராம், பிறகு 5 நிமிடம் அமத்தினாலும் ஏறாதபடி பூட்டு என்பது அவருக்குத் தெரியாது. மெசின் பழுது, என்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரே முறைப்பாடு. காலையில் டொக்டர் மெசினின் கணக்கைப் பார்த்தார். அமத்தினது எத்தனை, ஏறினது எத்தனை, இரண்டும் அதில் இருக்கும். பார்த்த உடனேயே வலி அடங்கவில்லை என்று அளவைக் கூட்டினார், பரசிட்டமோலும் சேர்த்தார். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "இதை ராத்திரியே பார்த்திருக்கலாமே மகன்?"