அமெரிக்க வரிச்சலுகை வீடு மாதிரி நம்ம இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் கட்ட முடியுமா?

லயத்துப்பிள்ளை, மஸ்கெலியா:
எங்கள் காம்பரா, அதாவது லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறை, 10க்கு 12 அடி. இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்துத்தான் அடுப்படி. தகரம் ஒழுகும் இடத்தில் அம்மா சட்டி வைப்பார். அதில் சொட்டு விழும் சத்தத்தோடுதான் உயர்தரத்துக்குப் படித்தேன். என் சித்தப்பா மகள் ஒஹாயோவில் வரிச்சலுகையில் கட்டிய வீட்டில் குறைந்த வாடகைக்கு இருக்கிறாள். தனியார்தான் கட்டினார்களாம். மாநிலம் இதை எப்படி நடத்துகிறது? நம்ம கம்பெனிகளையும் இப்படிக் கட்ட வைக்க முடியாதா?

ஹட்டன் கணக்கர்:
தங்கச்சி, அது குறைந்த வாடகை வீடு கட்டுவதற்கு வரியைக் குறைக்கும் திட்டம். அமெரிக்காவின் 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்தது. மத்திய அரசு சனத்தொகையைப் பார்த்து மாநிலங்களுக்குச் சலுகையைப் பங்கு வைக்கும். யாருக்கு முன்னுரிமை, எதற்கு எத்தனை புள்ளி என்று மாநில வீட்டு நிதி நிறுவனம் ஒரு திட்டம் எழுதி, பொதுமக்கள் கருத்தையும் கேட்கும். கட்டுபவர்கள் விண்ணப்பித்துப் போட்டி போடுவார்கள். வென்றவர் சலுகையைக் காட்டி வங்கி போன்ற முதலீட்டாளரிடம் பணம் வாங்கிக் கட்டுவார். சலுகை 10 வருடம். 15 வருடத்துக்குள் விதியை மீறினால் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 30 வருடம்.

எனக்கு மனதில் நிற்பது இதுதான்: மாநில ஆட்கள் 3 வருடத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய் வீட்டையும் குடியிருப்பவர்களின் வருமானப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். குறை இருந்தால் மத்திய வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நோர்வூட் பெரியவர்:
சரி தம்பி, ஆனால் அது வாடகை வீடு. நமக்கு வேண்டியது உறுதி, அதாவது காணியும் வீடும் நம் பெயரில் என்ற பத்திரம். 1992இலிருந்து கம்பெனி தோட்டத்தை நடத்துகிறது, காணி அரசாங்கத்துடையது. வரியைக் குறைத்துக் கம்பெனி வீடு கட்டினால், வேலையை விட்ட அன்றைக்கு நான் எங்கே போவேன்? 2017 மே மாதம் மோடி இங்கே வந்து, இந்திய உதவியில் முதலில் சொன்ன 4,000 வீட்டுக்கு மேல் இன்னும் 10,000 என்று அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். என் மகளுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்துவிட்டது. முற்றத்தில் கறிவேப்பிலை நட்டிருக்கிறாள். உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை.

லயத்துப்பிள்ளை, மஸ்கெலியா:
பெரியவர் சொல்வது சரி, உறுதி இல்லாத வீடு வேண்டாம். ஆனால் அந்த நேரில் வந்து பார்க்கும் விதி மட்டுமாவது இங்கே வேண்டும். கணக்கர் அண்ணே, அதை ஒரு பக்கத்தில் எழுதித் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்கிறேன். எங்கள் லயத்தில் 12 காம்பரா. எதில் எத்தனை இடம் ஒழுகுகிறது என்று அதற்குள் எண்ணி எழுதி வைக்கிறேன்.