வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஸ்லைட் பிலிம் சரிவருமா?

குளக்கட்டான்:
வற்றாப்பளை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கு எக்டாக்குரோம் ஈ100 என்ற ஸ்லைட் பிலிம் சுருளோடு போகிறேன். நெகட்டிவில் நிறம் தலைகீழாக விழும். அச்சிடுபவர் தன் ரசனைப்படி அதைத் திருப்பித் தருவார். ஸ்லைட்டில் அந்த இடையாள் கிடையாது. கழுவி எடுத்த பிலிமே படம். கோவிலருகே உள்ள நந்திக்கடலின் நீலம் நான் கண்டபடியே வேண்டும்.

பனையடியான்:
தம்பி, பொங்கல் களைகட்டுவது இரவில். உமது பிலிமின் ஒளியுணர்வு வெறும் நூறு ஐஎஸ்ஓ, நிறைய வெளிச்சம் கேட்கும்; அதுவும் பகலொளிக்குச் செய்த பிலிம். தீப்பந்த வெளிச்சத்தில் எல்லாமே செம்மஞ்சளாகும், மூன்றுகால் இல்லாமல் ஆட்களும் கலங்கிப்போவார்கள். நீலம் கேட்டவருக்கு நல்ல தண்டனை!

குளக்கட்டான்:
இரவை யார் கேட்டார்கள் அண்ணா? பகலில் வருகிற காவடிகளைத்தான் எடுப்பேன். ஸ்லைட்டில் வெளிச்சம் கூடினால் அந்த இடம் வெறும் கண்ணாடித்தாள். மீட்க ஒன்றும் இராது. ஆகவே வெள்ளை வேட்டியை ஒளி மீற்றரில் அளந்து, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி எடுப்பேன்.

பனையடியான்:
வேட்டி தப்பும், முகம் போகும். ஸ்லைட் தாங்குவது ஏறத்தாழ ஐந்தாறு ஸ்டொப். உச்சி வெயிலில் வேட்டிக்கும், பனை நிழலில் நிற்கும் கறுத்த முகத்துக்கும் உள்ள தூரம் அதைவிடக் கூட. நெகட்டிவ் இரண்டையும் தாங்கும். காவடி எடுப்பவரின் முகம் தெரியாத படம் எதற்கு?

முறிகண்டிக் கச்சான்:
எங்கே கழுவப்போகிறீர்கள் என்று இருவருமே பேசவில்லை. ஸ்லைட் கழுவும் ஈ-6 முறையில் முதல் மருந்தான டெவலப்பர் 38 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். அரைப் பாகை பிசகினாலே நிறமும் அடர்த்தியும் மாறும். கோடாக்குரோம் என்ற பழைய ஸ்லைட் பிலிமின் கதை தெரியும்தானே? 2009இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், மறு ஆண்டு முடிவில் கன்சாஸில் இருந்த கடைசிக் கூடமும் சுருள்களை வாங்குவதை விட்டது. கழுவாமல் வைத்திருந்தவர்களுக்கு இனி நிறம் இல்லை.

குளக்கட்டான்:
கோடாக்குரோமுக்கு நிறச்சாயத்தையே கழுவும்போதுதான் ஏற்ற வேண்டும், அதனால் பெரிய கூடம் தேவைப்பட்டது. ஈ-6 பிலிமில் நிறம் பிறப்பதற்கான பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கிறது. மருந்துப் பொதி வாங்கி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து வீட்டிலேயே கழுவலாம். எக்டாக்குரோம் நின்றுபோய் 2018இல் திரும்பியும் வந்தது.

முறிகண்டிக் கச்சான்:
மின்சாரம் போனால் தொட்டியின் சூடும் போகும். அதைவிடப் பெரிய குறை, ஸ்லைட் ஒற்றைப் பிரதி. இடம்பெயர்வில் ஆல்பத்தைத் தொலைத்த வீடுகள் இங்கே எத்தனை! வெளிநாட்டு உறவுக்கு எப்போதோ அனுப்பிய பிரதியால்தான் பலருக்குத் தாய்தகப்பன் முகம் திரும்பக் கிடைத்தது.

குளக்கட்டான்:
ஸ்கேன் செய்து பத்துப் பேருக்கு அனுப்பலாமே அக்கா.

பனையடியான்:
ஸ்கேன் செய்பவரும் நிறத்தைத் திருத்துவார். இடையாள் வேண்டாம் என்றவர் நீர்தானே? அந்தச் சுருளை இரணைமடுக் குளத்து விடியலுக்கு வையும். முகங்களுக்கு நெகட்டிவ் கொண்டுபோம்.

குளக்கட்டான்:
விடியலை எல்லாரும் எடுக்கிறார்கள். நான் காவடிக்குத்தான் போகிறேன், உச்சிக்கு முன்பே.